தொட்டியின் பின்பக்கம்

எங்கள் வீட்டு ஹாலில் சுவருக்குள் ஒரு மீன் தொட்டி இருந்தது. மாதுங்காவில் எங்கள் தெருவில் வேறு எவர் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். தேக்குச் சட்டம் போட்ட பெரிய படம் மாதிரி மூன்றடி நீளத்துக்குத் தண்ணீர், அதற்குள் விளக்கு வெளிச்சம், பச்சைச் செடி, மீன்கள். சட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பின்னால் இருந்தது என் அறை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக ஏழு வருஷம் முடித்திருந்தேன். அப்பா ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தம்பி என்னைவிட நாலு வயது சின்னவன். படிப்பை முடித்து செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்போதுதான் நல்ல வேலையில் சேர்ந்திருந்தான். அவன் படித்ததும் வீடு நடந்ததும் என் சம்பளத்தில். இதை நான் சொல்லிக் காட்டியதாக அம்மா பிற்காலத்தில் எல்லாரிடமும் சொன்னாள். அந்த நாளில் ஒருமுறைகூட நான் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்லிக் காட்டுகிறேன்.

எங்களுடையது இரண்டாவது மாடி. ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. முன்பு அதில் படுக்கைகளையும் பழைய பாத்திரங்களையும் போட்டு வைத்திருந்தோம். வேலை கிடைத்த வருஷம் அந்த அறை எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். ஒரு கட்டில் போட்டால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கும். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரில், என் பக்கமாக, நாலு தட்டு வைத்த அலமாரி ஒன்று பதித்திருந்தது. என் புத்தகங்கள், ஷார்ட்ஹேண்ட் நோட்டுகள், பி.ஏ. சர்டிபிகேட், கல்லூரிச் சிநேகிதி ஒருத்தி கல்கத்தாவிலிருந்து எழுதிய கடிதங்கள், இவையெல்லாம் அதில்தான் இருந்தன.

தம்பியின் மேலதிகாரி செம்பூரில் ஒரு பங்களாவில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிட்டிருந்தார் என்று போய்விட்டு வந்தவன், அன்று முழுக்க அந்த வீட்டுச் சுவரில் இருந்த மீன் தொட்டியைப் பற்றியே பேசினான். மறுநாள் சாயங்காலம் டேப் வைத்து ஹால் சுவரை அளந்தான். சுண்டு விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"இங்கதாம்மா சரியான இடம். அந்தப் பக்கம் அலமாரி இருக்கறதால சுவர் ஏற்கனவே பாதி குடைஞ்சுதான் இருக்கு. மீதியைத் தட்டி எடுத்துட்டாப் போறும்."

"அது என் அலமாரி" என்றேன்.

"உனக்கு ஒரு ஸ்டீல் பீரோ வாங்கித் தரேன்க்கா. ஜம்முனு பூட்டி வெச்சுக்கலாம்."

"பீரோவை எங்க வைக்கறது? கட்டில் மேலயா?"

அம்மா நடுவில் வந்தாள். "நாலு மனுஷா வந்து போற ஹால். இவனுக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சா பெரிய இடத்து மனுஷா எல்லாம் வருவா. பார்க்க லட்சணமா இருக்கட்டுமே. நீ அந்த ரூம்ல படுத்துக்கறதோட சரி. கார்த்தால போனா ராத்திரிதானே வரே?"

அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வீட்டு முதலாளியின் அனுமதி கேட்கவேண்டாமா என்று நான் கேட்டதற்கு, அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்றான் தம்பி. பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து அறைக் கதவைத் திறந்தால், அலமாரி இருந்த இடத்தில் ஓட்டை. கட்டிலின் மேல், தலையணையின் மேல், எல்லாம் காரைத் தூள். என் சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கின் மேல் குவித்து வைத்திருந்தார்கள். ஓட்டை வழியாக ஹால் தெரிந்தது. அம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி ஓட்டை வழியாகவே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வந்துட்டியா? கை கால் அலம்பிண்டு வா. காப்பி ஆறறது."

தொட்டியைச் செய்தவர் குர்லாவில் ஒரு பட்டறையில் வெல்டர். தாராவியில் குடியிருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தம்பியின் தொழிற்சாலைக்கு ஏதோ வேலை செய்து கொடுத்த பழக்கத்தில் வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரும்பு ஆங்கிளில் அடித்த சட்டத்தையும், சாக்கில் சுற்றிய கண்ணாடிகளையும் டாக்ஸியின் மேலே கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இரண்டு மாடியும் தானே தோளில் வைத்து ஏற்றினார். அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தவர், கட்டிலில் விரித்திருந்த போர்வையைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"சார், இது யாரு ரூமு?"

"அக்காவோடது."

"அக்கா எங்க படுப்பாங்க?"

"இங்கயேதான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்: "தண்ணி ஊத்துனா ரெண்டு ஆளு கனம் இருக்கும் சார். தாங்குறதுக்குப் போடுற இரும்பு பூரா இந்தப் பக்கந்தான் துருத்திக்கிட்டு நிக்கும். படுத்து எந்திரிக்கப்ப மண்டையில இடிக்கும்லா? ஹால்ல ஒரு ஸ்டாண்டு அடிச்சி அதுமேல வச்சிருவமே. சொவரைப் பூசி அடைச்சிரலாம்."

"ஒடைச்சாச்சே" என்றான் தம்பி. "ஸ்டாண்ட் போட்டா ஹால்ல இடம் அடைச்சுக்கும். இந்தப் பக்கம் துருத்திண்டு நின்னா யார் பார்க்கப் போறா?"

அவர் போர்வையைச் சுருட்டி ஓரமாக வைத்தார். சுவரில் இரும்பைப் பதித்து, சட்டத்தை உட்கார்த்தி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் புட்டி என்கிற எண்ணெய்ப் பசை வைத்து ஒட்டினார். நாள் முழுக்க அறையில் எண்ணெய் வாடை. வேலையெல்லாம் முடிந்த பிறகு, என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு இரும்பு மூலைகளையும் அரத்தால் ராவி மழுக்கினார். பையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்து வெட்டி அவற்றின் மேல் மாட்டிவிட்டார். யாரும் செய்யச் சொல்லவில்லை. "பாத்து எந்திரிங்கக்கா" என்றார். தம்பியிடம், "புட்டி ஒரு வாரம் காயணும் சார். அதுக்கு முன்ன ஒரு சொட்டு ஊத்தப்பிடாது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி நாலாவது நாள் தண்ணீர் ஊற்றிவிட்டான். அந்த மேலதிகாரி சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றிருந்தாராம். காலையில் ஊற்றியிருக்கிறான். நான் சாயங்காலம் வந்து பார்த்தபோது தொட்டி பாதி காலி. அவ்வளவும் என் அறைப் பக்கம் இறங்கியிருந்தது. கட்டிலுக்கு அடியில் சாக்கின் மேல் இருந்த எல்லாம் ஊறிப்போய்க் கிடந்தன. சர்டிபிகேட்டின் முத்திரை ஒரு நீலக் கறையாகிவிட்டது. கல்கத்தாக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டிலில் பரப்பினேன். மை எல்லாம் ஓடி, அவளுடைய கையெழுத்து எதிலும் இல்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "நல்ல வேளை, ஹால் பக்கம் ஒரு சொட்டு வரலை" என்றாள்.

வெல்டர் திரும்ப வந்து புட்டியைச் சுரண்டிவிட்டு மறுபடி வைத்துக் கொடுத்தார். இந்தத் தடவை தம்பி காத்திருந்தான். மேலதிகாரி ஒரு வாரம் கழித்து வந்து பார்த்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கிராஃபோர்ட் மார்க்கெட்டிலிருந்து மண் குடத்தில் மீன்கள் வந்தன: தங்க மீன்கள், முதுகு வளைந்த கறுப்பு மீன்கள், தட்டையாக முக்கோணமாக இருக்குமே ஏஞ்சல், அவற்றில் நாலு.

தொட்டியைச் சுவருக்குள் வைத்துவிட்டால் ஹால் பக்கத்திலிருந்து கையை விட முடியாது. எல்லா வேலையும் பின்பக்கத்திலிருந்துதான். மூடி என் பக்கம். விளக்கு, காற்று அடிக்கும் பம்ப், அதன் ஒயர்கள், ரப்பர் குழாய் எல்லாம் என் பக்கம். அதனால் வேலையும் என்னுடையதாகிவிட்டது. இதை யாரும் முடிவு செய்யவில்லை. "நீ அங்கதானே இருக்கே, ஒரு சிட்டிகை போட்டுடேன்" என்று தம்பி முதல் வாரம் சொன்னான். அதுவே பிறகு நிலைத்துவிட்டது.

மீன்களுக்கு உயிருள்ள புழு போடவேண்டும் என்று மார்க்கெட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள். நூல் நூலாக, சிவப்பாக, உருண்டையாகச் சுருண்டு நெளியும் புழு. அம்மா மடி ஆசாரம் பார்க்கிறவள்; அது சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்றாள். ஹாலிலும் கூடாது. ஆகவே புழுத் தட்டு என் ஜன்னல் மாடத்துக்கு வந்தது. காலையில் கண் விழித்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு வாளி பிடித்து ஒரு நாள் முழுக்கக் கட்டிலடியில் வைத்து, குளோரின் மருந்து வாடை போன பிறகு மாற்றவேண்டும். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சித்தான் பழைய தண்ணீரை இறக்குவேன். எத்தனையோ நாள் வாய்க்குள் போயிருக்கிறது. அந்த வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் எட்டே முக்கால் ரயிலைப் பிடிக்க ஓடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகளுக்கு மீன்களின் பெயரையும் குணத்தையும் சொல்வது தம்பியின் பங்கு.

கண்ணாடி இரண்டு பக்கமும் தெரியும். முதல் நாளே நான் பின்பக்கம் ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டேன். தம்பி வந்து கழற்றினான். "உன் ஜன்னல் வெளிச்சம் பின்னாலேந்து பட்டாத்தான் தண்ணி பளிச்சுனு இருக்கு. ராத்திரி கட்டிக்கோ, பகல்ல எடுத்துடு." அது முதல் நான் குளியலறையில்தான் புடவை மாற்றினேன். ஒருமுறை விருந்தாளி வீட்டுக் குழந்தை ஒன்று கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா, மீனுக்குப் பின்னால ஒரு மாமி போறா!" என்று கத்தியது. ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

அந்த வருஷத்தில் என் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒருவர் வேலைக்கு வந்தார். கல்யாணிலிருந்து தினம் வந்து போகிறவர். என்னைவிட இரண்டு வயது பெரியவர். அப்பா இல்லை, அம்மா மட்டும். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் இருவரும் ஒரே வழி. அவருக்குக் கல்யாண் ஃபாஸ்ட் இருந்தது. அதை விட்டுவிட்டு, மாதுங்காவில் நிற்கிற ஸ்லோ வண்டி வரும்வரை என்னோடு பிளாட்பாரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார். நான் லேடீஸ் பெட்டியில் ஏறியதும், அடுத்த ஃபாஸ்ட்டுக்கு எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போவார். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்தது. ஒருநாள் அந்தப் பிளாட்பாரத்தில் கேட்டார்:

"அம்மாவை அழைச்சிண்டு உங்காத்துக்கு வரலாமா? ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா."

"ஞாயித்துக்கிழமை வாங்கோ" என்றேன். வண்டியில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே மாதுங்கா வரை வந்தேன்.

வீட்டில் சொன்னேன். குலம் கோத்திரம் எதிலும் தடை இல்லை என்பதை நானே விசாரித்து வைத்திருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "வரட்டும்" என்றாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்குச் சந்தோஷத்தை வெளியே காட்டத் தெரியாது என்று அதற்கு நானே ஒரு அர்த்தம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். வழக்கப்படி, கூப்பிடும்வரை நான் உள்ளே இருக்கவேண்டும். உள்ளே என்றால் என் அறை. கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெரிந்தார்கள். அவருடைய அம்மா ஒல்லியாக, காவிப் புடவையில், பிரம்பு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மீன்கள் குறுக்கே போகும்போது முகம் மறைந்து மறைந்து வந்தது.

விளக்குச் சூடு வெளியேறுவதற்காகத் தொட்டிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள். ஹால் பக்கம் அதைத் துளை போட்ட ஒரு மரப்பலகை மறைத்தது. பேச்சு அத்தனையும் அதன் வழியாகக் கேட்கும்.

"மீன் எல்லாம் நன்னா வளர்த்திருக்கேளே. யார் கவனிச்சுக்கறா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"நான்தான் மாமி" என்றான் தம்பி.

பஜ்ஜி கொடுத்தார்கள். கல்யாண் தண்ணீர்க் கஷ்டம் பற்றிப் பேசினார்கள். பிறகு அந்த அம்மாள், "குழந்தையைக் கூப்பிடுங்கோளேன். பார்த்துட்டா எனக்குத் திருப்தி. இவன் சொன்னதே போறும்" என்றாள்.

"கூப்பிடறேன்" என்றாள் அம்மா. குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டாள். "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். நாளைக்கு ஏன் மறைச்சேள்னு நீங்க கேட்கப்படாது. அவளுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கு. இப்போ ஒண்ணும் இல்லை. ஆனா டாக்டர் ஜாக்கிரதையா இருக்கணும்னுதான் சொல்லியிருக்கார். அதனாலதான் நாங்களும் இத்தனை நாள் அவளுக்குப் பார்க்காமலே இருந்தோம்."

அந்த அம்மாள் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள்.

ஏழு வயதில் எனக்குக் கடும் ஜுரம் வந்து ஒரே ஒருமுறை உடம்பு தூக்கிப் போட்டது. குழந்தைகளுக்கு ஜுரத்தில் அப்படி வருவதுண்டு. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மயக்கம்கூட வந்ததில்லை. எந்த டாக்டரும் எதுவும் சொன்னதில்லை.

எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். அதை நான் அந்த நிமிஷமே நினைத்தேன். ஆனால் என் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. இந்தக் கைகளோடு, இந்த முகத்தோடு நான் ஹாலில் போய் நின்று கத்தினால், அந்த அம்மாள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. என் அம்மா இன்னொரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. கைகளை மடியில் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன். கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தேன். அவர் வேஷ்டி நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வைக்கு நேரே நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கேட்கும் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். தெரியும். ஒரு வருஷமாக அந்தப் பலகை வழியாகத்தான் என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"வாம்மா. காப்பி கொண்டுவந்து குடு."

சமையலறையிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு போனேன். எத்தனை பிடித்தும் கை நிற்கவில்லை. டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டது. அந்த அம்மாளின் கண் என் கையின் மேலேயே இருந்தது. காப்பியை வாங்கிக்கொண்டு, "உட்காரும்மா, உட்காரு, ஒண்ணும் வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னாள். அவள் குரலில் இருந்தது இரக்கம். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"எதை? வந்ததா இல்லையா உனக்கு? ராத்திரியெல்லாம் மடியில போட்டுண்டு உட்கார்ந்திருந்தவ நான். இல்லாததை ஒண்ணும் சொல்லலையே."

"டாக்டர் சொன்னார்னியே. எந்த டாக்டர்?"

"எந்த டாக்டரும் ஜாக்கிரதையா இருன்னுதானே சொல்லுவா?" பஜ்ஜித் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு சாதாரணமாக, கறிகாய் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறவள் மாதிரி சொன்னாள்: "ரெண்டு வருஷம் போகட்டும். இவனுக்கு ஒரு நல்ல இடத்துல முடியட்டும். அப்புறம் நீ பண்ணிக்கோ, யார் வேண்டாங்கறா? இப்பவே நீ போயிட்டா இந்த ஆத்தை எப்படி நடத்தறது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்கோப்பா" என்றேன்.

"அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்றார். அம்மாவைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அக்கவுண்ட்ஸ்காரர் ஆபீஸில் என் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் ஃபாஸ்ட்டில் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை நான் அவருடைய மேஜைக்கே போனேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பொருட்படுத்தவில்லை.

"எனக்கு வலிப்பு கிடையாது" என்றேன். ஏழு வயதில் நடந்ததைச் சொன்னேன். எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் வருகிறேன் என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "நான் நம்பறேன். ஆனா அம்மாதான்... உங்கம்மாவே சொல்லும்போது, ஒரு அம்மா தன் பொண்ணைப் பத்திப் பொய் சொல்லுவாளான்னு கேக்கறா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவருக்கு அது நல்ல கேள்வியாகத்தான் பட்டிருக்கும். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து, எடுத்து வைத்திருந்த நாலு கடிதங்களையும் டைப் அடித்து முடித்தேன். அடுத்த தையில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. ஆபீஸில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார். என் மேஜைக்கு வந்தபோது கவரை வைத்துவிட்டு நிற்காமல் போனார். அவரை நான் கோழை என்று நினைத்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

தாதரில் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது. மனு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இடம் கிடைக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், மீன்களுக்கும் போட்டேன். வீட்டில் மூன்று பேரும் என்னிடம் மிக நன்றாக நடந்துகொண்டார்கள். அம்மா எனக்குப் பிடிக்கும் என்று இரண்டு தடவை மோர்க்குழம்பு வைத்தாள். விஷயம் அடங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெட்டியும் படுக்கையுமாக ஹாலில் வந்து நின்று, போகிறேன் என்றேன். எங்கே என்பதையும் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் சோப்போடு திரும்பி, என்னையும் பார்த்தான், தொட்டியையும் பார்த்தான்.

"அப்போ மீனுக்கு யார் போடுவா?" என்றான்.

அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மனதில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது; பாவம், அவனுக்கே பிறகு வெட்கமாக இருந்திருக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸுக்கு டெலிபோன் செய்தான். தண்ணீர் கலங்கிவிட்டதாம், இரண்டு ஏஞ்சல் செத்து மிதக்கிறதாம், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகக்கூடாதா என்றான். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அந்த மாதத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன். மீன்களின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் போய்ப் பார்த்திருந்தால் சில பிழைத்திருக்கும். தெரிந்துதான் போகாமல் இருந்தேன்.

தம்பிக்கு அடுத்த வருஷம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நான் விருந்தாளி மாதிரி போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். கேட்டவர்களிடம் அம்மா, "மீன் தொட்டியை ரூம்ல வெச்சோம்னு கோச்சுண்டு போனவ" என்று சொல்லியிருந்தாள். கல்யாண மண்டபத்தில் மூன்று பேர் என்னிடமே வந்து, இதற்குப் போய் யாராவது வீட்டை விட்டுப் போவார்களா என்று புத்தி சொன்னார்கள். சிரித்தேன். தம்பி இன்றுவரை, தன் பேரன் பேத்திகளிடம்கூட, அந்த மீன்களை அத்தைப் பாட்டிதான் சாகவிட்டாள் என்று சொல்வதாகக் கேள்வி. அதில் பொய் இல்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்காமல் இல்லை. பார்க்க வருகிறேன் என்று எவராவது சொன்னால், எந்த வீட்டுக்கு வரச் சொல்வது, யார் எதிரில் உட்காரவைப்பது என்று தெரியவில்லை.

அப்பா மட்டும் மாதம் ஒருமுறை தாதருக்கு வருவார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் விடுதிக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். அம்மாவுக்குத் தெரிந்து வந்தாரா, தெரியாமல் வந்தாரா, நான் கேட்டதில்லை. உடம்பைப் பற்றிக் கேட்பார், ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார், கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவார். மூன்றாவது வருஷமோ என்னவோ, மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாப் வரை கூட நடந்துபோனேன். குடையை மடக்கிக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும்."

"ஆமாம்" என்றேன்.

அவர் காத்திருந்தார். போனால் போகிறது, விடுங்கோப்பா என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். வயதானவர், அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. மாதுங்கா பஸ் வந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு ஏறினார். கண்டக்டர் கைகொடுத்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

அடுத்த மாதமும் வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.